வடமேற்குக் காற்று முந்திக்கொண்ட வெள்ளிக்கிழமை

வளைகுடாக் கரையிலுள்ள ஃபஹாஹீலில் படகுத்துறையை ஒட்டிய ஒரு சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை. லீவு நாளில் மீன்பிடிக்க ஆசைப்படுகிறவர்களைப் படகில் ஏற்றி அனுப்புவோம். உரிமம் எங்களுக்கு விசா கொடுத்த உள்ளூர் கஃபீல் பெயரில் இருந்தாலும் நடத்தியது ஒரு தூத்துக்குடி அக்காதான். கணவர் எண்ணெய்க் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்த அக்கா, கொஞ்ச காலத்திலேயே அலுவலகத்தை முழுதாகத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

குளிர்காலத்தில் வானிலை எச்சரிக்கைகள் சளைக்காமல் வரும். பலத்த காற்று, உயர்ந்த அலை, சிறு படகுகள் போக வேண்டாம் என்று போன் கத்தும். பாதி நாள் ஒன்றும் நடக்காது. நாங்கள் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவோம். அக்கா மட்டும் கடைசி வரி வரை படிப்பார். படித்துவிட்டு ஒரு பயணத்தை ரத்து செய்தார் என்றால், வந்தவர் எவ்வளவு கத்தினாலும் ரத்துதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடல் அசையாமல் கிடந்தது. இரவுக்கு மேல்தான் காற்று என்று சொல்லியிருந்தார்கள். ஒரு தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆட்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அக்கா ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட்டையும் தானே இழுத்துக் கட்டினார்.

"கரைக்கு வார வரைக்கும் இதக் கழட்டப்பிடாது, கேட்டியளா?"

"சரிங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்கள். குமரி மாவட்டத்துப் படகோட்டி ஒருவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

நானும் அக்காவும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அலறின. இரவுக் காற்று மதியத்துக்கே வருகிறது, இடி மழையோடு. கடலில் இருப்பவர்கள் உடனே திரும்பவும். வெளியே எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா வயர்லெஸ்ஸை எடுத்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். படகோட்டியின் போனும் எடுபடவில்லை. உடனே கடலோரக் காவல்படைக்கு அடித்து, தனக்குத் தெரிந்த அரபியில் படகு போன திசை, ஆட்கள் எத்தனை பேர், நீச்சல் தெரியாதவர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். பிறகு பயணிகளின் எண்களை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார்.

"கரையிலருந்து அடிக்கிற காத்து தம்பி இது. படகு நின்னுச்சுன்னா வெளிக்கடலுக்குல்லா இழுத்துட்டுப் போயிரும்" என்றார்.

எந்த எண்ணும் போகவில்லை. ஒரு சுற்று முடித்து, முதல் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினார். நான் செய்திருந்தால் இரண்டாவது சுற்றிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். அவர் முகத்தில் சலிப்பே இல்லை. திடீரென்று ஒரு எண்ணில் மணி போனது. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டும் சிரிப்பும் கேட்டன.

"அலோ, யாருங்க?"

"ஆபீஸ் அக்கா. புயல் வருது. படகக் கரைக்குத் திருப்பச் சொல்லு. இப்பவே."

அவ்வளவுதான், இணைப்பு அறுந்துவிட்டது. அந்த ஆளுக்குக் கேட்டதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை.

"வேனை எடு. தெக்கே அடுத்த துறைமுகத்துக்குப் போ. காத்து வடமேற்கு. அத எதுத்துக்கிட்டு இங்க ஏற முடியாது. படகுக்காரன் புத்திக்காரன், அங்கதான் ஒதுங்குவான். ரூம்ல உள்ள கம்பளி அம்புட்டையும் அள்ளிட்டுப் போ."

நான் பாதி வழி போவதற்குள் வானம் பழுப்பானது. முதலில் மண், அடுத்து மழை. காற்று தள்ளியதில் வேனே ஒரு பக்கம் ஒதுங்கியது. துறைமுகத்தில் அலை சுவருக்கு மேல் எழும்பி விழுந்தது. வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மழைக்குள்ளிருந்து காவல்படைப் படகு ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே, நனைந்த கோழிபோல் எங்கள் படகு.

ஆறு பேரும் இறங்கினார்கள். எல்லாருக்கும் ஜாக்கெட் உடம்பிலேயே இருந்தது. ஒருவர் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். போனை எடுத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரைக்குன்னு ஒரு வார்த்ததாங்க காதுல விழுந்துச்சு. அக்கா குரல் தெளிவா இருந்துச்சு. உடனே பாட்ட நிறுத்திட்டுப் படகுக்காரர்கிட்டச் சொன்னேன்."

பாட்டுச் சத்தத்தில் வயர்லெஸ் கேட்கவில்லை என்று படகோட்டி தலைகுனிந்து சொன்னார். அலுவலகத்துக்கு வந்ததும் அக்கா அவரைத் திட்டவில்லை. "அடுத்த வாரத்துலருந்து படகுல பாட்டு மாஃபி, கிடையவே கிடையாது" என்று மட்டும் சொன்னார். அந்த ஆறு பேரிடம், "ஊருக்குப் போன் போட்டுப் பேசுங்க. நியூஸ்ல பாத்துப் பதறிக்கிட்டு இருப்பாவ" என்று விரட்டினார்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன்: "எப்படிக்கா, உங்க குரல் கொஞ்சங்கூட நடுங்கலையே?"

"நடுங்குனா அவனுக்குப் புரியாதுல்லா. அதான் பொறவு நடுங்கிக்கிடலாம்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். இவரைப்போல் ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை.