கையால் உடைத்த ஐம்பது

பால் ஊற்ற வரும் ஆரோக்கியமேரி போன வாரம் கேனை வாசலில் இறக்கிவிட்டு, அளக்காமல் நின்றார்.

"மொளைக்கல சார். நெலத்துல பாதி வெறுந்தரையா கெடக்குது."

கணவர் இறந்த பிறகு அவர் தனியாகப் போட்ட முதல் வெள்ளாமை. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. பயிர் மல்லாட்டை - வெளியூர்க்காரர்களுக்கு நிலக்கடலை. மழையை நம்பி ஒரு தடவைதான் விதைக்க முடியும். அந்த ஒரு தடவைக்கு யோசனை சொன்னவன்... நான்தான்.

நான் செஞ்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். அது மேரிக்கும் தெரியும். வீட்டில் எடுத்து வைத்த விதையா, கடை விதையா என்று குழம்பியவர், இரண்டிலும் ஐம்பது ஐம்பது பருப்பை எண்ணித் தனித்தனி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்திருந்தார். வீட்டு விதையில் நாற்பத்தாறு முளைத்தன. கடை விதையில் முப்பத்து நான்கு.

"இது நெசமான வித்தியாசமா சார், இல்ல ஏதோ அமைஞ்சதா?"

என்ன அருமையான கேள்வி! என் மாணவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இரண்டு விகிதங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை, தற்செயலாக வரக்கூடிய ஏற்ற இறக்கத்தால் வகுக்க வேண்டும். விடை இரண்டைத் தாண்டினாலே, சும்மா அமைந்தது என்று ஒதுக்க முடியாது. எனக்கு மூன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வீட்டு விதையைப் போடுங்க என்றேன். பெருமையாக இருந்தது.

முளைக்கவில்லை என்று மேரி சொன்ன அன்று மாலை நிலத்துக்குப் போனேன். நாலு செடி, அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி ரெண்டு செடி. முளைக்காத இடத்தில் நோண்டிப் பார்த்தேன். தோல் கிழிந்து அழுகிய பருப்பு.

"வெதைக்காய மிஷின்ல உடைச்சீங்களா?"

"ஆமா சார். ஒன்றர ஏக்கர் வெதைய கையால யாரு உடைக்கிறது? ஆளு ஏது?"

"சாக்குல வெச்சது?"

"அது அம்பதுதான. டிவி பாத்துக்கினே கையால உடைச்சேன்."

கையால் உடைத்தால் பருப்புக்குக் காயமில்லை. மிஷினில் கொஞ்சமாவது அடிபடும். கடை விதை மிஷினில் உடைத்தே வந்தது. ஆக, நான் ஒப்பிட்டுப் பார்த்தது கையையும் மிஷினையும்தான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எப்படி எடுத்தீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க" என்றார் மேரி. காலியான இடத்தில் உளுந்து ஊன்றப் போகிறாராம், இன்னொரு மழை வந்தால். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் இதே எண்களைப் பலகையில் எழுதினேன். வீட்டு விதை, கடை விதை - எதை விதைக்கலாம்? ஐந்தே நிமிடம். அத்தனை பேருக்கும் மூன்று வந்துவிட்டது. அந்த ஐம்பதை எப்படி எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் நடத்தியதைத்தானே செய்வார்கள்.