காலைச் சாம்பிள் வாங்கும் ஜன்னல்

பூக்காரி பூவைக் கொடுப்பாள், கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுப்பார். எங்கள் தொழிலில் மட்டும் கொடுப்பது வாடிக்கையாளர், வாங்கிக்கொள்வது நாங்கள். என்ன வாங்குகிறோம் என்று சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்: மலம்.

காந்திபுரத்தில் ஒரு குடல் டாக்டரின் கிளினிக்கோடு சேர்ந்த லேப்பில், சாம்பிள் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் வெள்ளைக் கோட்டுப் போட்டவள் எல்லாம் இங்கே சிஸ்டர்தான். என் ஜன்னலுக்கு அடிக்கடி வருகிறவர்கள் அல்சரேட்டிவ் கோலைடிஸ்காரர்கள். பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகும். ஆறும், மறுபடி கிளம்பும். உள்ளே அழற்சி இருந்தால் மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதம் கூடிவிடும். அதை அளந்தால், ஒவ்வொரு தடவையும் குழாய் விட்டுப் பார்க்காமலே நிலவரம் ஓரளவு தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் கூச்சத்தைக் கையில் வாங்கும் சக பாவிகளே, நம் கதையை நாம்தானே சொல்லிக்கொள்ள வேண்டும்!

மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்

சூலூரிலிருந்து ஒரு புதுப்பெண் வந்தாள். டப்பாவைக் கொடுத்து, "காலையில எடுத்ததும் கொண்டுவர முடியலைன்னா நல்லா மூடி, கவர்ல போட்டு ப்ரிட்ஜ்ல வைங்க" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "மாமியார் ஊட்டு ப்ரிட்ஜுங்க சிஸ்டர்" என்றாள் மெதுவாக. நோயைப் பற்றிக் கணவனுக்குத் தெரியும். மாமியாருக்கு 'வயிறு சேராது' என்பதோடு சரி.

அந்த வாரமே டப்பா வந்தது, கொண்டுவந்தது மாமியார். எனக்குத் திக்கென்றது. ப்ரிட்ஜில் கவரைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காய்ச்சலில் படுத்திருந்தவளைப் பஸ் ஏற்ற மனசு வராமல், தானே ஐஸ் வைத்துக் கட்டி எடுத்து வந்திருக்கிறார். "உங்களுக்குச் சங்கடமா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மாவுப் பாத்திரத்தத்தான் வெளிய எடுத்து வெச்சுட்டனுங்க. மாவு புளிச்சா பணியாரம் சுட்டுக்கலாம், புள்ள ஒடம்பு கெட்டா என்னத்தச் சுடறதுங்க?"

சத்தம் மாறாத தறி

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர். ரத்தம் நின்று, எடை ஏறி, ஆள் நன்றாகத் தேறியிருந்தார். தேறியதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். "நல்லா இருக்கறவன் எதுக்குங்க டெஸ்ட் எடுக்கோணும்?" என்று ஜன்னலில் நின்று சண்டை. மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததால் டப்பாவைக் கொடுத்தார்.

ரிசல்ட் ஏகத்துக்கு ஏறியிருந்தது. வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார், அதனாலும் ஏறுமாம். இல்லை என்றார். திரும்ப எடுத்தும் அப்படியேதான். நோய் வெளியே தெரியாமல் உள்ளே கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். மருந்துச் சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்து நின்றவர், கோபித்துக்கொள்ளவில்லை. நம்பிய ஆள் ஏமாற்றிவிட்ட மாதிரி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"தறி கெடறதுக்கு முன்னாடி சத்தம் மாறுமுங்க சிஸ்டர். இது ஒரு வார்த்தை சொல்லுலீங்களே!"

தொண்டாமுத்தூர் தாமதம்

தோப்புக்காரர் ஒருவர், எப்போதும் ஜன்னல் திறக்கும்போதே வந்து நிற்பவர், ஒருநாள் மதியம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருக்கு நோய் தீவிரமாக இருந்த சமயம் அது. வந்தால் அடக்க முடியாது, ஓடியாக வேண்டும். அவர் வீட்டில் கக்கூஸோ வாசலுக்கு எதிரே, வாழைக்குப் பக்கத்தில். விடியக்காலையில் கதவைத் திறந்தால், கக்கூஸ் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஒரு யானை.

அவரும் மனைவியும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். கடைசியில் அந்தம்மா சமையற்கட்டிலிருந்த பழைய பக்கெட்டைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைக் காவல் காத்தாராம். சாம்பிளும் அப்படித்தான் கிடைத்தது. வனத்துறை ஆட்கள் வந்து விரட்டிய பிறகுதான் பஸ் பிடித்திருக்கிறார். கேட்டுச் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரே சிரிக்க ஆரம்பித்தார்.

"எனக்கோ அவசரமுங்க. அதுக்குத்தான் ஒரு அவசரமும் இல்ல!"

டவுன் பஸ்

டிரைவர் அண்ணன் என்றால் எங்கள் லேப்பில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஓட்டும் தடத்தில் எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எந்த பேக்கரிக்காரர் முகம் சுளிக்காமல் உள்ளே விடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை நாளில் டீகூடக் குடிக்க மாட்டார். ஒருமுறை பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடியதற்குப் பயணி ஒருவர் வீடியோ எடுத்துப் புகார் கொடுத்துவிட்டார். வண்டியிலிருந்து இறக்கி டிப்போ வேலைக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் ஒரு நாள் இருக்க மாட்டாத மனிதர்.

புது மருந்து ஆரம்பித்த பிறகு எடுத்த முதல் ரிசல்ட் கொஞ்சம் இறங்கியது. அடுத்தது இன்னும். அதற்கடுத்த முறை அவர் டாக்டரைப் பார்க்க உள்ளே போனபோது கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரே கூடவே வெளியே வந்து, அவர் தோளைத் தட்டினார். குடல் அமைதியாகிவிட்டது; மருந்தை மட்டும் விடக்கூடாது. அண்ணன் காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"இனிமே சிக்னல்ல நின்னா சிக்னல மட்டும் பாப்பனுங்க."

கச்சாயம்

எல்லாருக்கும் இறங்கிவிடுவதில்லை. சரோஜினியக்கா தையல்காரர், வீட்டில் தெலுங்கு, ஜன்னலில் தமிழ். டப்பாவை ஒரு துண்டுத் துணியில் தைத்த சுருக்குப் பையில் வைத்து, பூ மாதிரி நீட்டுவார். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் அவருக்கு அளவு ஏறிக்கொண்டே போனது. ரிசல்ட்டை நான் சொல்லக்கூடாது என்பது விதி. அக்கா கேட்கவும் மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன். "சரி அம்மணி" என்று போய்விடுவார்.

கடைசியில் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். மலம் சேர வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இனி அவர் என் ஜன்னலுக்கு வர வேண்டியிருக்காது என்று ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் என்னவோ போல. சில மாதம் கழித்து வந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. புடவைக்குள் பை இருப்பதே தெரியாதபடி தாமே ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். கையில் தூக்குப்போசி. அதற்குள் எண்ணெயில் சுட்டெடுத்த கச்சாயம், சூடு ஆறாமல், வெல்ல வாசனையோடு. நான் பழக்கதோஷத்தில் கையுறையோடு கையை நீட்டினேன்.

"அதக் கழட்டிப்போட்டு வாங்குங்க கண்ணு. இத்தன நாளு என்னென்னமோ வாங்குன கை, இன்னைக்கு நல்லதா ஒண்ணு வாங்கட்டும்."

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் இன்னமும் "லேப்புல" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்; கை கழுவிய பிறகு கேட்டால் மட்டும், இதைவிட நல்ல மனுஷரைப் பார்க்கிற வேலை கோயமுத்தூரில் இல்லை என்று சேர்த்துச் சொல்கிறேன்.