அமுங்கிய கட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். அழுத்தினால் அமுங்கியது. அதுதான் எனக்குப் பயம்.

தேயிலை மலையில் பதினைந்து வருஷம் கையால் கொழுந்து கிள்ளியவள் நான். விரல் பட்டதும் மெத்தென்று மெதுவாக இருப்பதைக் கிள்ளுவோம். முற்றிக் கெட்டியானதை யாரும் தொடமாட்டோம். அது பாட்டுக்குச் செடியில் கிடக்கும். அடுத்த நிரையில் கிள்ளும் அக்காவிடம் மட்டும் கட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் ரவிக்கைமேல் கையை வைத்துக் காட்டினாள்.

"எனக்கும் ஒன்னு இருக்குலா. கல்லு மாதிரி கெட்டி. ரெண்டு வருஷமா கெடக்கு, ஒன்னும் பண்ணல. ஒன்னோடது மெதுவா இருக்குங்கிறியே, போயி காட்டிரு."

எனக்கும் அது சரியென்றே பட்டது. கெட்டியை விட்டுவிடுவார்கள், மெதுவானதைத்தான் எடுப்பார்கள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் சீட்டு எழுதித் தந்தார். மலையிறங்கி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, ஈப்போ டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் என் மார்பில் ஜில்லென்று எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. அதில் நான் எது, கட்டி எது என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் சிரித்தாள். "மெதுவாத்தாம்மா இருக்கு. அழுத்துனா நல்லா அமுங்குது."

நான் அழுதுவிட்டேன். "எப்ப வெட்டுவீங்க மிஸி?"

"எதுக்கு வெட்டணும்? தண்ணிக் கட்டி, ஊசியால உறிஞ்சிட்டாப் போதும். கெட்டியா, அசையாம இருந்தாத்தான் பயம்."

"கெட்டியா இருந்தாவா?"

"ஆமாம்மா."

எல்லாம் தலைகீழாகிப் போனது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், அக்கா தன் ரவிக்கைமேல் கையை வைத்துக் காட்டியதுதான் கண்முன் நின்றது. ஊசி குத்தியதுகூடச் சரியாக நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது என் விரல்கள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் குழாயடியில் அக்கா வாளியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"வெட்டணும்னாங்களா?"

"இல்லக்கா. எனக்கு ஒன்னுமில்லையாம்."

அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "நாளைக்கு நீ என்கூட ஈப்போவுக்கு வாக்கா," என்றேன்.

"நான் எதுக்குலா?" என்று சிரித்தாள். "எனக்குத்தான் கெட்டியாச்சே."