அத்திமரத்துக்கு ஒரு வாரம்

நாகவல்லி யாருக்கும் அடங்கிப் பேசிப் பழகாதவள். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு வருடமாகத் தோட்டவேலை. பின்சுவரோரம் நிற்கும் அத்திமரத்தை வெட்டப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேரே சங்கச் செயலாளர் விக்ரமிடம் போய் நின்றாள்.

“மரம் இருக்கறதாலதான் குரங்கு வருது. நாலு வீட்டு கிச்சன் நாசம்,” என்றார் அவர்.

“மரம் இன்னா சார் பண்ணுச்சு? நீங்க வெக்கிற பழந்தான் கொரங்க இட்டுகினு வருது.”

வயிறு நிறைந்தால் உள்ளே வராது என்று தினமும் காலையில் சுவர்மேல் வாழைப்பழமும் ரொட்டியும் வைப்பது அங்கே வழக்கம். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்காக இரண்டு பங்கு. குரங்குகள் அத்தனையையும் தின்றுவிட்டு, ஜன்னலில் புகுந்து ஊறவைத்த கொண்டைக்கடலையையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடும். கொழுப்பு என்றார்கள். நாகவல்லிக்கோ மகள் அகல்யாவின் ஞாபகம் வந்தது.

மூன்று வயதில் அகல்யா வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டுச் சுவரைச் சுரண்டித் தின்பாள். நாகவல்லி அடி வெளுத்துவிடுவாள். “வயிறு ரொம்புனா ஆச்சா? உடம்புல சத்தில்ல, அது தேடுது,” என்று நர்ஸ் அன்னம்மாள் திட்டிய பிறகுதான் முட்டையும் பயறும் கீரையும் கொடுத்தாள், மருந்தும் கொடுத்தாள். சுரண்டுவது நின்றது. அடித்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஆறாது.

போன மாதம் மழை கொட்டிய ஒரு நாள் யாரும் பழம் வைக்கவில்லை. அன்று குரங்குகள் அத்திமரத்திலேயே கிடந்து கொழுந்தை மென்றன, காயைப் பிட்டுப் பூச்சியோடு தின்றன, பிறகு ஏரிப்பக்கம் போய்விட்டன. ஒரு வீட்டிலும் நுழையவில்லை. அதை அவள் கண்ணால் பார்த்தவள்; பழத்தில் இல்லாத சத்து அவற்றுக்கு மரத்தில் கிடைக்கிறது என்று புரிந்துகொண்டாள்.

“ஒரு வாரம் சொவுத்துல ஒண்ணும் வெக்காதீங்க. அப்பவும் ஒரு கொரங்கு உள்ள வந்தா நானே கோடாலி எட்த்து வெட்றேன்.”

விக்ரம் ஒப்புக்கொண்டு எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாள் குரங்குகள் சுவரைத் தடவிப் பார்த்தன, மூடிய ஜன்னல்களைத் தட்டின. மூன்றாம் நாளிலிருந்து மரத்தோடு சரி. ஏழாம் நாள், சனிக்கிழமை காலை, விக்ரம் வீட்டில் கூச்சல். வயிற்றோடு ஒட்டிய குட்டியுடன் ஒரு தாய்க்குரங்கு கை நிறையக் கொண்டைக்கடலையோடு வெளியே பாய்ந்தது.

நாகவல்லி விடவில்லை. சுவர் நெடுகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். விக்ரம் வீட்டுப் பால்கனிக்கு நேராகச் சுவர்மேல் புதுசாக உரித்த பழத்தோல் கிடந்தது.

“சனிக்கிழமையாச்சே... ரெண்டே ரெண்டு பழம்தான்,” என்று விக்ரம் இழுத்தார்.

அவள் போய்க் கோடாலியை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள்.

“வயிறு ரொம்புன புள்ளைய அடிச்ச கை சார் இது. இன்னொரு தபா அந்தத் தப்பு பண்ணாது. வெட்றதுன்னா நீங்களே வெட்டுங்க.”

மேலே கிளையில் அந்தத் தாய்க்குரங்கு குட்டியை அணைத்தபடி கொழுந்து மென்றுகொண்டிருந்தது. விக்ரம் கோடாலியை வாங்கிச் சுவரில் சாய்த்தார். மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவேண்டாம் என்றார்.