துளசிச் சாற்றின் பச்சை

காய்ச்சல் வந்துபோன பிறகு என் மூக்கு திரும்பவில்லை. காபி, மழை, மல்லிகை எதுவும் தெரியாது. மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனியில் வேதியியல் பார்ப்பவளுக்கு இது சின்ன இழப்பு இல்லை. முன்பு ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஆய்வகத்தில் இருந்தபோது ஊர் வாசனையே வேண்டாம் என்று சலித்துக்கொண்டவள்தான் நான்.

பள்ளிகொண்டா பக்கம் இருக்கும் இந்த இடத்தில் என்னோடு வேலை செய்பவள் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளும் வேதியியல் படித்தவள். என் மூக்கு விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரியும். முகர வேண்டியது எதுவானாலும் அவளிடம் நீட்டிவிடுவேன்.

க்ரீம் தயாரிக்கும் ஒரு அம்மா துளசிச் சாறு கேட்டிருந்தார். பச்சை நிறம் இருக்கவே கூடாது, வெயில் பட்டால் க்ரீம் பழுப்பாகிவிடுகிறது என்றார். எஃகுக் குழாயின் அடியில் வடிதாள் வைத்து, அதன்மேல் நிறத்தை மெல்லப் பிடித்துக்கொள்ளும் அலுமினாப் பொடியும் அதற்கும் மேல் நிறம் உறிஞ்சும் களிமண்ணும் நிரப்பினோம். பச்சை போகாமல் நின்றுவிடுமோ என்ற பயத்தில் களிமண்ணைத் தாராளமாகவே போட்டேன். மேலே ஊற்றியது பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் மாதிரி இருந்தது. கீழே சொட்டியது கண்ணாடி மாதிரி இருந்தது. முதலாளி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

அவளிடம் நீட்டினேன். ஒருமுறை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

“இன்னாக்கா இது, ஒண்ணுமே வரலியே.”

“உனக்கும் போய்ட்டுதா?”

அவள் பயந்துபோய் வடிக்காத சாற்றை முகர்ந்தாள். அதில் வாசனை வந்தது. மறுநாள் குழாயிலிருந்து எடுத்து உலர வைத்திருந்த களிமண்ணைக் குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தாள். “எல்லா வாசனையும் இதுலதான்க்கா கீது.”

முதலாளிக்கு அந்தப் பாட்டிலையே அனுப்பிவிட ஆசை. “அவங்க நெறந்தானே வேணாம்னாங்க? அனுப்பிடலாம்மா.”

“சார், இதுல துளசின்னு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. பேரை மட்டும் ஒட்டி அனுப்பணும்.”

அவர் இன்னொரு முறை அதைத் தூக்கிப் பார்த்தார். பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுபடி வடிக்க அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

களிமண்ணைக் குறைத்து, அலுமினாவைக் கூட்டி, மெதுவாக வடியவிட்டோம். ஒவ்வொரு தடவையும் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உதட்டைப் பிதுக்குவாள். தலையாட்டுவாள். நுட்பமான கருவிகளை நம்பிப் பழகியவள் நான். இன்னொருத்தியின் நெற்றிச் சுருக்கத்தை நம்பி வேலை செய்வது அதுவரை எனக்குப் பழக்கமில்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குவது எளிது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு மத்தியானம் வெளிர்மஞ்சளாக ஒன்று இறங்கியது. முகர்ந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வந்துட்ச்சிக்கா.”

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். லேசாக மஞ்சள் இருக்கும், அதற்குமேல் எடுத்தால் துளசியே போய்விடும் என்றேன்.

“மஞ்சள் பரவாயில்ல. வாசனை எப்படி இருக்குது?”

“இருங்க, குடுக்கிறேன்” என்று போனை அவளிடம் நீட்டினேன். அவள் சொல்லச் சொல்ல, நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.