நான் அழித்த முத்து

போன ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் யாருக்காக ஓடியாடி உழைக்கிறேனோ, அவர் எதிரிலேயே!

மரகதம் டீச்சர் ஜில்லா போர்டு தேர்தலுக்கு நிற்கிறார் அல்லவா? நோட்டீஸ் வேலை என் பொறுப்பு. எழுதுகிறவனிடம் வேறு எதைக் கொடுப்பார்கள்?

டீச்சருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. திருச்சியில் போட்டோ எடுத்தபோது, ஸ்டூடியோக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "டச்சிங் பண்ணிடலாமா சார்? தழும்பெல்லாம் மறைஞ்சு, முகம் வெண்ணெய் மாதிரி வந்துடும்."

"பேஷாப் பண்ணுங்க" என்றேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்து நிற்கும் பெரம்பலூர் மிராசுதார் இருபது வருஷத்துக்கு முந்திய போட்டோவைப் போட்டிருக்கிறார் — தலை நிறைய முடியோடு! நாங்கள் இதைக்கூடச் செய்யக் கூடாதா?

ஓட்டு உள்ள வீடுகளில் பாதி விக்கிரமங்கலத்தில்தான். அந்த ஊர் கைவிட்டால் தேர்தலே போச்சு. டீச்சர் வண்டியை விட்டு இறங்குவதற்குள், கோயில் முன்னால் நின்ற பெண்களிடம் நான் நோட்டீஸை நீட்டினேன். ராசாத்தி என்ற அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"உங்க டீச்சர்தாம்மா."

"எங்க டீச்சரம்மா இல்லீங்க இது. ஆத்தா போட்ட முத்து எங்க? யாரு அழிச்சது?"

அம்மையை முத்து என்று சொல்லும் ஊர்... எனக்கு எப்படி மறந்துபோயிற்று?

"எங்க பிள்ளைங்களுக்கு அம்மை போட்டப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவங்கதான் வூடு வூடா வந்து, வேப்பிலையும் இளநியுமா உக்காந்திருந்தாங்க. அப்ப வாங்கிக்கிட்டது அது. அதை அழிச்சுட்டு ஓட்டு கேட்டா, எங்களை மறந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? இந்த முகத்துக்கு எங்க ஓட்டு இல்லீங்க."

நோட்டீஸ்கள் ஒவ்வொன்றாக என் கைக்கே திரும்பி வந்தன. டீச்சர் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அவ்வளவு அசிங்கமாவா சார் இருக்கேன்?" என்று கேட்டார். வெட்கத்தில் குன்றிப்போனேன்.

பிறகு என் பேனாவை வாங்கினார். கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று படத்தில் புள்ளி வைத்தார். ராசாத்தியிடம் நீட்டினார். "சரியா இருக்கா, பாருங்க."

ராசாத்தி டீச்சர் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மோவாயில ஒண்ணு விட்டுப்போச்சுங்க!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதையும் வைத்துக் கொடுத்ததும், நோட்டீஸ் ராசாத்தியின் மடிக்குள் போயிற்று.

அழகான முகத்துக்குத்தான் ஓட்டு விழும் என்று நமக்கு யார் சொன்னது? தெரிந்த முகத்துக்குத்தான் விழுகிறது. டீச்சர் ஜெயிப்பார் — பந்தயம் கட்டத் தயார்.

அன்றிலிருந்து மைக்கூடும் கையுமாக உட்கார்ந்து, மீதி நோட்டீஸ்களுக்கு முத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று உற்சாகம் மிஞ்சிப்போய், ஒன்றில் நாலைந்து முத்து கூடுதலாக வைத்துவிட்டேன். டீச்சர் அதை எடுத்துத் தனியே வைத்தார்.

"இதுவும் டச்சிங்தான் சார்!"