ஏறாத கோயில்

எழுபதுகளில் மெல்பேர்னில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த கிரேக்கப் பெண் ரோட்ஸ் தீவில் பிறந்தவள். அங்குள்ள பழங்கோட்டையையும் மலையுச்சிக் கோயிலையும் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்களாம். ஒலிவத் தோட்டத்தில் வேலை செய்தே வளர்ந்த அவள் மட்டும் பார்த்ததில்லை. கணவரோடு போகவிருந்த ஆண்டில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவர் தனியே போய் வந்தார். எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"கோயில் படம் இல்லையா?" என்று கேட்டேன்.

"பாதி மலை ஏறிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவள் பார்க்காததை நான் மட்டும் எப்படிப் பார்ப்பது?"

என் கணவர் மெதுவாக என்னிடம், "தேத்தண்ணி போடுமப்பா" என்றார்.

தேத்தண்ணி ஆறிப்போன பிறகும் அந்த மனிதருக்குத் தன் வெறும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.